பழங்காரின் பூர்வீகம்

அபூர்வமான ஒரு பழைய காரைப் பார்த்து “இது அசல்தானா?” என்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இன்ன ஆண்டில், இன்ன எண்ணோடு, இன்ன வகையாகத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கார் இதுதானா என்பது முதல் கேள்வி. அன்று பொருத்திய இரும்பு, மரம், கண்ணாடி, தோல் ஆகியவற்றில் இன்று எவ்வளவு மிச்சம் என்பது இரண்டாவது. முதலாவது அடையாளம் பற்றியது. அதற்கு ஆம், இல்லை என்று பதில் உண்டு. இரண்டாவது அளவு பற்றியது. பாதி, முக்கால், ஏறக்குறைய எல்லாம் என்றுதான் பதில் வரும். பளபளக்கும் பாகங்களைக் காட்டி அடையாளத்தை நிரூபித்துவிட்டதாக விற்பவர் பேசுவார். தாளில் எண் சரியாக இருப்பதைக் கண்டு பாகங்களும் சரியென்று வாங்குபவர் நம்புவார். பழங்கார்ச் சந்தையின் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தில் விளைவது.

இரண்டையும் பிரித்து விசாரிக்கும் முறைக்கு மோரிஸ் மைனர் பொருத்தமான கார். அது அபூர்வமானதே அல்ல என்பார்கள், உண்மைதான். 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1971 வரை சுமார் 16 லட்சம் மைனர்கள் உருவாயின. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். ஆனால் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே அபூர்வங்கள் ஒளிந்திருக்கின்றன. முகப்புக் கம்பித்தட்டிக்குள் தாழ்வாக விளக்கு வைத்த தொடக்க கால மைனர், துணிக் கூரை மடங்கும் டூரர், பின்பாதியில் மரச்சட்டம் தாங்கிய டிராவலர், பத்து லட்சமாவது கார் உருவானதைக் கொண்டாட வெளிர் ஊதா நிறத்தில் தயாரான 350 சிறப்பு மைனர்கள் ஆகியவை அப்படிப்பட்டவை. சாதாரண சலூன் ஏராளமாகக் கிடைக்கிறது. அபூர்வ வகையின் விலையோ பல மடங்கு. சலூனை வைத்து அபூர்வத்தை உருவாக்கும் ஆசை பட்டறைகளுக்கு வராமல் இருக்குமா?

மைனர்கள் ஓடிய ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பாரிட் புந்தார். ஆற்றைத் தாண்டினால் ஒரு பக்கம் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால், இன்னொரு பக்கம் கெடாவின் பண்டார் பாரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சுற்றுவட்டாரம் கரும்புத் தோட்டங்களின் பூமி. தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கியது அதற்காகத்தான். பிறகு ரப்பர் வந்தது. 1906-ல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பாய்ந்ததும் வயல்வெளி விரிந்தது. தோட்டத் துரைகளும், பிற்காலத்தில் டிரெசர்கள் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்களும் பெரிய கிராணிகள் எனப்பட்ட தலைமை எழுத்தர்களும் ஆசிரியர்களும் வைத்திருந்த பிரிட்டிஷ் கார்களில் மைனருக்கு முக்கிய இடம் உண்டு. சிறிய உருவம், சுலபமான இயந்திரம், செம்மண் பாதையைத் தாங்கும் உடம்பு என எல்லாமே தோட்டத்துக்கு ஏற்றவை.

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் ஊர் என்பதால் இங்கே பழங்கார் விசாரணை பெரும்பாலும் பதிவெண்ணில்தான் தொடங்கும். மலேசியப் பதிவெண்ணின் முதல் எழுத்து மாநிலத்தைச் சொல்லும்: பேராக்குக்கு ஏ, கெடாவுக்கு கே, பினாங்குக்கு அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. ஒற்றை எழுத்தில் 9999 வரை எண்ணி முடித்த பிறகு இரட்டை எழுத்துத் தொடர் பிறந்தது. ஆகவே ஏ என்ற ஒற்றை எழுத்தும் சின்ன எண்ணும் தாங்கிய மைனர், பேராக்கில் வெகு காலத்துக்கு முன்பே பதிவான கார் என்று கண்ணுக்குத் தோன்றும். தோன்றுவது மட்டும்தான். மலேசியாவில் ஒரு காரின் பதிவெண்ணை முறைப்படி வேறொரு காருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. சின்ன எண்ணுக்குக் கிராக்கி அதிகம்; தாத்தா வாங்கிய காரின் எண் பேரனின் புதிய மெர்சிடிஸில் ஏறுவது சகஜம். எண்ணை இழந்த பழைய காருக்கு வேறு எண் கிடைத்திருக்கும். பதிவெண் பலகை தகரத்தோடு பிறந்ததல்ல. அதை ஒரு துப்பாக மட்டும் கொள்ளலாம்.

அடுத்தது கிராண்ட். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே தரும் பதிவுச் சான்றை மலேசியத் தமிழர் அப்படித்தான் அழைக்கிறார்கள். அதில் தயாரிப்பு நிறுவனம், மாதிரி, உடல் வகை, இயந்திரக் கொள்ளளவு, சேசிஸ் எண், இன்ஜின் எண் எல்லாம் இருக்கும். உரிமையாளர் மாறும்போது புஸ்பகோம் பரிசோதனை நிலையத்தில் பி5 என்ற சோதனை நடக்கும். காரில் உள்ள எண்களும் கிராண்டில் உள்ள எண்களும் ஒன்றா என்பது அதில் பார்க்கப்படும் முக்கியமான விஷயம். இந்தச் சோதனையில் தேறிய காரை “அரசாங்கமே அசல் என்று சொல்லிவிட்டது” என்று விற்பவர்கள் உண்டு. அது அதிகப்படி. தாளும் காரும் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்ல வரவில்லை. சலூனாகப் பிறந்த கார் டூரராக நிற்பதைக் காண, அந்த எண்ணின் உள்ளர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

போருக்கு முந்திய கார்களுக்குத் தாள்வழி விசாரணையில் ஒரு பெரிய இடைவெளி காத்திருக்கிறது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை அந்த மாத நடுவில் கிரியான் ஆற்றை நெருங்கியது. பிரிட்டிஷ் படை ஆற்றுக்குத் தெற்கே பின்வாங்கியது. மாத முடிவுக்குள் ஈப்போவும் போயிற்று. பின்வாங்கியவர்கள் கைவிட்ட வண்டிகளும் புதிய ஆட்சியாளர்கள் பறித்துக்கொண்ட வண்டிகளும் கைமாறியபோது யாரும் ரசீது எழுதவில்லை. 1938 ஆஸ்டின் ஒன்றின் வரலாறு 1941-ல் நின்று 1946-ல் மறுபடி தொடங்குகிறது என்றால் அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஐந்து ஆண்டும் ஒரு நாள்கூட விடுபடாமல் கோர்வையான கதை இருக்கிறது என்றால்தான் சற்று நிதானிக்க வேண்டும்.

தாளில் மிக மதிப்புள்ளது தொழிற்சாலையின் சொந்தப் பதிவேடு. இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், மோரிஸ், எம்ஜி, லேண்ட் ரோவர் முதலிய நிறுவனங்களின் உற்பத்திப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. சேசிஸ் எண்ணை அனுப்பினால் கார் உருவான தேதி, அன்றைய நிறம், இன்ஜின் எண், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்களோடு கட்டணத்துக்குச் சான்று தருவார்கள். ரோல்ஸ் ராய்ஸுக்கு அதன் ஆர்வலர் சங்கம் காத்துவரும் சேசிஸ் அட்டைகள், மெர்சிடிஸுக்கு நிறுவனத்தின் தரவு அட்டை என்று பெரிய பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு களஞ்சியம் உண்டு. ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் எல்லா ஆண்டுக்கும் பதிவேடு பிழைத்திருக்கவில்லை. மேலும், பாகங்களாகப் பெட்டியில் அனுப்பி இறக்குமதி நாட்டில் கோர்த்த கார்களுக்குத் தாய்த் தொழிற்சாலையில் பெட்டி போன விவரம் மட்டுமே இருக்கும். என்ன நிறம் அடித்தார்கள், எந்த இன்ஜின் எந்த உடலில் ஏறியது என்பதெல்லாம் அங்கே பதிவாகாது. சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் ஃபோர்டு கோர்ப்பு ஆலை திறந்தது 1941-ல். மலேசியாவில் ஷா ஆலமில் வோல்வோ கோர்ப்பு ஆலை வந்தது 1967-ல். இத்தகைய கார்களுக்கு உள்ளூர் முகவர்களின் கணக்குப் புத்தகம் கிடைத்தால் பேரதிர்ஷ்டம்.

இனி எண்ணுக்குள் போகலாம். இன்று எல்லாக் கார்களுக்கும் பொதுவான பதினேழு இலக்க அடையாள எண் 1980களின் தொடக்கத்தில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு மொழி வைத்திருந்தது. 1950களின் நடுவில் வந்த மைனர் ஒன்றின் தகட்டில் எஃப்சிஏ21 என்று தொடங்கினால், எஃப் என்பது மைனர். சி என்பது டூரர். ஏ கறுப்பு நிறம். 2 என்பது வலப்பக்க ஸ்டீரிங் கொண்ட ஏற்றுமதிக் கார். 1 என்பது செயற்கை எனாமல் பெயிண்ட். இரண்டு கதவு சலூனாக இருந்தால் இரண்டாம் எழுத்து பி. 1958 வாக்கில் முறை மாறியது. எம்ஏ2எஸ்3 என்றால் இரண்டு கதவு சலூன், எம்ஏடி3 என்றால் டூரர், எம்ஏடபிள்யூ3 என்றால் டிராவலர். 1962-ல் இன்ஜின் பெரிதானதும் 3 போய் 5 வந்தது. கூரை மடங்கும் மைனரின் தகட்டில் 2எஸ் என்று இருந்தால், அது யாரோ பிற்பாடு கூரையை அறுத்த சலூன். அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

ஆனால் தகட்டையே மாற்றியிருந்தால்? மைனருக்குத் தனி சேசிஸ் சட்டம் கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. எண் உள்ள தகடு இன்ஜின் அறையின் பின்சுவரில் பொருத்தப்பட்ட ஒரு சிறு துண்டு. அழிந்துபோன டூரரின் தகட்டைக் கழற்றிச் சலூனில் வைப்பதற்குத் திருப்புளியும் ஐந்து நிமிடமும் போதும். எனவே தேர்ந்த பரிசோதகர் எண்ணைப் படிப்பதற்கு முன் தகட்டின் ஓரங்களைப் பார்ப்பார். அடியில் உள்ள பெயிண்ட் தகட்டின் அளவுக்குச் சரியாக நிறம் மாறாமல் இருக்கிறதா, அதே இடத்தில் வேறு துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, பொருத்திய ஆணியின் தலை அந்தக் காலத்து வகையா என்பன அவர் கேட்கும் கேள்விகள். இன்ஜின் எண்ணும் மைனரில் டைனமோவுக்கு மேலே சிலிண்டர் பிளாக்கில் வைத்த தகட்டில்தான் உள்ளது. அது மாறியிருந்தால் உடனே மோசடி என்று சொல்லிவிடக் கூடாது. மோரிஸைத் தன்னுள் கொண்டிருந்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனே பழைய இன்ஜினைப் புதுப்பித்து, பொன்னிறம் பூசி, ‘கோல்ட் சீல்’ என்ற பெயரில் மாற்று இன்ஜினாக விற்றது. உழைத்த காருக்கு அப்படி ஒன்று ஏறியிருப்பது இயல்பு.

லேண்ட் ரோவர், எம்ஜி டிசி போன்ற தனிச் சட்டம் கொண்ட வண்டிகளில் எண் உலோகத்திலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும். அங்கே மோசடி செய்பவர் அரத்தால் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண்ணை அடிப்பார். இந்த இடத்தில்தான் உலோக இயல் உதவிக்கு வருகிறது. எஃகு என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்களின் நெருக்கமான அடுக்கு. அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் விழுவதோடு வேலை முடிவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் படிகங்கள் நசுங்கி, அவற்றின் அணு வரிசைகள் இடம்பெயர்ந்து, அந்தப் பகுதி இறுக்கம் அடைகிறது. அரம் பள்ளத்தை நீக்கினாலும் அதற்கடியில் உள்ள இறுகிய பகுதி தங்கிவிடுகிறது. மேற்பரப்பு வழவழப்பாக, ஒன்றுமில்லாததுபோல் தெரியும்.

இறுகிய உலோகத்தில் கூடுதல் ஆற்றல் தேங்கியிருப்பதால் அமிலம் அதைச் சற்று வேகமாக அரிக்கும். பரிசோதகர் அந்த இடத்தை நுண்ணிய உப்புத்தாளால் கண்ணாடிபோல் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை அகற்றி, ஃப்ரை கரைசல் எனப்படும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் திரும்பத் திரும்பத் தடவுவார். அதன் ஒரு செய்முறை: 90 கிராம் குப்ரிக் குளோரைடு, 120 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லி தண்ணீர். முதலில் உலோகம் மங்கும். பிறகு ஒரு வளைவு, ஒரு கோடு என்று அழிந்த எண் நிழல்போல் மேலெழும். சில எண்கள் தோன்றிச் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுப்பது கட்டாயம். மூன்றை எட்டாக மாற்றிய இடங்களில் இரண்டு அச்சுகளின் தடமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். அலுமினியத்துக்கு வேறு கரைசல்கள் வேண்டும்.

இந்தத் துறையில் மலேசியாவுக்கும் பங்கு உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் வளாகத்தில் தடய அறிவியல் துறையைச் சேர்ந்த ஆர். குப்புசாமியும் அவருடன் பணியாற்றியவர்களும், எஃகிலும் அலுமினியத்திலும் பொறித்து அழித்த எண்களை மீட்பதில் எந்தக் கரைசல் எவ்வளவு ஆழம் வரை பலன் தரும் என்பதை ஆராய்ந்து 2000களின் இரண்டாம் பாதியில் சர்வதேச ஆய்விதழ்களில் கட்டுரைகள் வெளியிட்டனர். கார்களில் எண்ணைச் சுத்தியலால் அடிப்பதற்குப் பதில் இயந்திரத்தால் கீறிப் பொறிக்கும் வழக்கம் பரவியிருந்த காலம் அது. கீறலில் உலோகம் நசுங்குவது குறைவு என்பதால் மீட்பதும் கடினம். அதனால்தான் அந்த ஆய்வுக்குத் தேவை ஏற்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பாரிட் புந்தாரை ஒட்டி, நிபோங் திபால் பக்கம் இருக்கிறது என்பது ஒரு தற்செயல்.

அமில முறைக்கும் எல்லை உண்டு. இறுகிய பகுதி முழுவதையும் தாண்டி ஆழமாகத் தேய்த்துவிட்டால் மீட்க ஒன்றுமில்லை. அந்த இடத்தின்மேல் பற்றவைப்பு ஓடியிருந்தால் வெப்பத்தில் படிகங்கள் புதிதாக உருவாகிப் பழைய இறுக்கத்தை மறந்துவிடும். அமிலம் உலோகத்தைத் தின்பதால், அபூர்வக் காரில் அதைப் பயன்படுத்துமுன் சேதமில்லாத வழியை முயல்வார்கள்: காந்தப்புலம் ஏற்றி நுண்ணிய இரும்புத் துகள் கலந்த எண்ணெயை ஊற்றினால், நசுங்கிய இடத்தில் புலம் மாறுபட்டுத் துகள்கள் அங்கே சேரும். மின்னணு நுண்ணோக்கியில் படிகங்களின் திசையை அளந்து அழிந்த எண்ணைப் படிக்க முடியும் என்று அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2015-ல் காட்டியது. அது ஆய்வகத்துக்கு உரியது. பட்டறைக்கு இன்னும் இறங்கி வரவில்லை.

எண்ணை விட்டு உடலுக்கு வந்தால் பொய் சொல்வது இன்னும் சிரமம். தொழிற்சாலை டூரரில் கூரை இல்லாத பலவீனத்தை ஈடுகட்ட, கதவுக்குப் பின்னுள்ள தூணிலும் கதவடிப் பெட்டியிலும் கூடுதல் வலுத்தகடுகள் வைத்தார்கள். கூரையை மட்டும் அறுத்த சலூனில் இவை இருக்காது. இருந்தாலும் பற்றவைப்பு காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலையின் புள்ளிப் பற்றவைப்பு ஒரே அளவில், கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் வட்டவட்டமாக ஓடும். பட்டறையில் கேஸ் வைத்து ஒட்டியதோ பிற்காலத்து மிக் பற்றவைப்போ மேடுபள்ளமான தொடர் வரியாகத் தெரியும். அரைத்து மறைத்தாலும் தகட்டின் உட்பக்கத்தில் நிறம் மாறிய தடம் இருக்கும். அறுத்த கார் சில ஆண்டுகள் ஓடினால் நடுவில் தொய்ந்து, கதவின் மேல் இடுக்கு நெருங்கி, கீழ் இடுக்கு விரியும். கதவை மெல்லத் திறந்து மூடிப் பார்த்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

பெயிண்டைப் படிக்க ஒரு சிறு சில்லு போதும். ஓரத்தில் எடுத்த சில்லைப் பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் வைத்தால் அடியிலிருந்து மேல்வரை அடுக்குகள் வரிசையாகத் தெரியும். முதல் அடுக்கு தொழிற்சாலை பிரைமர். அதன்மேல் உள்ள நிறம் சேசிஸ் குறியீட்டோடு பொருந்த வேண்டும். கறுப்பு என்று குறியீடு சொல்ல, அடியில் பச்சை இருந்தால் உடலும் தகடும் வேறு வேறு கார்களுடையவை என்ற சந்தேகம் வலுக்கும். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் தின்னரில் கரையும். பிற்கால இருகலவைப் பெயிண்ட் அசையாது. தடிமன் அளக்கும் கருவி தொழிற்சாலைப் பூச்சில் 100 மைக்ரான் அளவில் எங்கோ நிற்கும். உள்ளே பட்டி அடித்த இடத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அக்காலப் பட்டறைகள் பள்ளத்தை ஈயக் கலவையால் நிரப்பின. பாலியெஸ்டர் பட்டி பிற்பாடு வந்தது. இரண்டையும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி நொடியில் பிரித்துச் சொல்லும்.

டிராவலரின் மரச்சட்டம் தனிக் கதை. அது இங்கிலாந்தின் ஆஷ் மரம். ஈரமும் கரையானும் நிறைந்த பேராக்கில் அந்த மரம் நீண்ட நாள் தாங்காது; ஆகவே உள்ளூர் தச்சர்கள் மெராந்தி போன்ற மரத்தில் மாற்றிக் கொடுத்திருந்தால் வியப்பில்லை. வார்னிஷ் அடித்த பிறகு இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். குறுக்குவெட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் போதும்: ஆஷ் மரம் குளிர்நாட்டது, ஒவ்வொரு வசந்தத்திலும் பெரிய நாளத் துளைகளை ஒரு வளையமாக இட்டுக்கொண்டே போகும். மெராந்தியில் துளைகள் எங்கும் பரவிக் கிடக்கும். ஆண்டு வளையம் தெளிவாக இராது.

தோல் இருக்கை, பஞ்சு, கம்பளி ஆகியவற்றுக்குக் கதிரியக்கக் கார்பன் சோதனை இருக்கிறது. 1950களின் நடுவிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, 1960களின் நடுவில் வடகோளத்தில் இயல்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. அதன்பின் மேய்ந்த மாட்டின் தோலில் அந்தக் கையெழுத்து இருக்கும். 1949 மைனரின் ‘அசல்’ தோலில் அது தென்பட்டால் தோல் பின்னால் வந்தது. ரப்பருக்கு வேறு சோதனை. கதவோர ரப்பர் 1950களில் பெரும்பாலும் இயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் தாங்காமல் வெடிக்கும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வணிகத்துக்கு வந்ததே 1960களின் தொடக்கத்தில்தான். அகச்சிவப்புக் கருவி இரண்டையும் தெளிவாகப் பிரிக்கும். பால்மரம் சீவிய ஊரில் ஓடிய காருக்கு, இருபது ஆண்டு தாங்கியும் வெடிக்காத கதவு ரப்பர்தான் முதல் சந்தேகம் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இவ்வளவு கருவியும் இல்லாமலே பலனளிப்பது பாகங்களின் தேதியைப் படிக்கும் வேலை. பொறுமை மட்டும் வேண்டும். லூக்காஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்கு ஆகியவற்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சடித்திருக்கும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் முத்திரையில் சில எழுத்துகளுக்கு மேலும் கீழும் வைத்த புள்ளிகள் ஆண்டையும் காலாண்டையும் குறிக்கும். இந்தத் தேதிகள் கார் உருவான நாளுக்குச் சில வாரமோ சில மாதமோ முந்தியிருக்க வேண்டும். 1957 மார்ச்சில் உருவான காரில் 1957 செப்டம்பர் டைனமோ இருந்தால் அது மாற்று. பெட்டியில் வந்து கோர்த்த காருக்குக் கப்பல் பயணத்தால் இடைவெளி நீளும். இதை அறியாமல் உள்ளூர்க் கோர்ப்புக் காரைப் பொய்யென்று ஒதுக்கியவர்களும் உண்டு. மைனரிலேயே வெளிப்படையான தேதிகள் சில: 918 சிசி இன்ஜின் என்றால் தொடக்க காலம், 803 என்றால் 1952 முதல் 1956 வரை, 948 என்றால் 1962 வரை, அதற்குப் பின் 1098. முன் கண்ணாடி நடுவில் பிளந்திருந்தால் 1956-க்கு முன். முதல் கார்களின் பம்பர் நடுவில் ஒட்டுப்பட்டை ஒன்று உண்டு. உற்பத்திக்குச் சற்று முன் இஸிகோனிஸ் மாதிரிக் காரை நீளவாக்கில் பிளந்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பழைய அகலத்துக்கு அடித்துவைத்த பம்பர்களை வீணாக்காமல் வெட்டி நடுவில் பட்டை வைத்தார்கள்.

திருகுகளும் பேசும். எம்ஜி டிசி காரின் இன்ஜினில் புரி மெட்ரிக் அளவில், தலை பிரிட்டிஷ் விட்வொர்த் அளவில் இருக்கும். வில்லியம் மோரிஸ் 1923-ல் கோவென்ட்ரியில் ஹோட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆலையை வாங்கியபோது அதன் இயந்திரங்களும் கூடவே வந்ததன் விளைவு அது. மறுசீரமைப்பில் யாரோ வேறு திருகு போட்டிருந்தால் ஸ்பேனர் உடனே சொல்லிவிடும்.

தாள், எண், தகரம், பாகம் ஆகிய நான்கும் தனித்தனியாகப் பொய் சொல்லக்கூடியவை. நான்கையும் ஒரே பொய்யைச் சொல்ல வைப்பதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் அசல் காரின் விலையைத் தாண்டிவிடும். பரிசோதகரின் நம்பிக்கை இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி, அதாவது எவ்வளவு மிச்சம் என்பது, நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காருக்கு ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். பிற்காலத்தில் அதைச் சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த நிறுவனம், இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கியது. பந்தயத்துக்குப் பந்தயம் சட்டம், உடல், இன்ஜின் எல்லாம் மாறியிருந்தன. முதல் வெற்றியில் ஓடிய பாகங்களில் எஞ்சியவை என்று வழக்கில் பேசப்பட்டவை பெடல் தண்டு, கியர்பெட்டி உறை, ஸ்டீரிங் தண்டு போன்ற சிலவே. 1990-ல் லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஆட்டன், அசலின் பொருள் பெருமளவு போய்விட்டதை ஏற்றுக்கொண்டே, இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்த்தார். மாற்றங்கள் ஒவ்வொன்றாக, தொடர்ச்சி அறுபடாமல் நடந்தன. அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு கார் எங்கும் இல்லை. தொடர்ச்சியும் போட்டியின்மையும் சேர்ந்து அடையாளத்தைக் காப்பாற்றின.

பிரிட்டிஷ் வாகனப் பதிவு அலுவலகம் மாற்றியமைத்த வண்டிகளுக்கு நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது: சேசிஸ் அல்லது உடல் 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. எட்டு புள்ளி இருந்தால் பழைய எண்ணை வைத்துக்கொள்ள முடிந்தது. இன்ஜினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பது பலருக்கு அதிர்ச்சி தரும். காரின் அடையாளத்தில் அது எவ்வளவு அற்பம் என்பதற்கு நல்ல அளவுகோல். பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஏற்ற டூரின் சாசனம் வேறு கோணத்தில் பேசுகிறது: வாழ்நாளில் நேர்ந்த மாற்றங்களும் காரின் வரலாறு, புதிதாகச் சேர்த்த பாகத்தைப் பிறர் அறியும்படி குறித்துவைக்க வேண்டும்.

பேராக் கார்களுக்கு இந்தப் பார்வை மிகவும் தேவை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டபின், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. துரைமார் தங்கள் கார்களுக்கு இரும்புத் தகடு பொருத்திக்கொண்டார்கள். அத்தகைய காரில் இன்று காணப்படும் துளை வரிசையும் தடித்த பின் ஸ்பிரிங்கும் தொழிற்சாலைக் குறிப்பில் இரா. அவற்றை அடைத்து ‘அசலாக்கினால்’ அந்தக் காரில் மட்டுமே இருந்த சாட்சியம் போய்விடும்.

ஆகவே நல்ல பரிசோதனை அறிக்கை ஒற்றைச் சொல்லில் முடியாது. உதாரணமாகப் பாரிட் புந்தாரில் விற்பனைக்கு வரும் ஒரு மைனர் டூரரைப் பற்றி அது இப்படி இருக்கலாம்: தகடு எம்ஏ2எஸ்3, ஆகவே இரண்டு கதவு சலூனாகப் பிறந்தது, தகடு இடம் மாறியதற்கான தடயம் இல்லை, கேய்டன் சான்றில் உள்ள நிறமும் பெயிண்டின் அடி அடுக்கும் ஒன்றே, இன்ஜின் பிற்காலக் கோல்ட் சீல் 1098, கூரை பட்டறையில் அறுக்கப்பட்டது, வலுத்தகடுகள் இல்லை, பற்றவைப்பு மிக் வகை, கிராண்டில் உடல் வகை சலூன் என்றே உள்ளதால் மாற்றம் ஜேபிஜேயில் பதிவாகவில்லை. அடையாளம் உறுதி, ஆனால் வகை டூரர் அல்ல. அறிக்கையைப் படித்தவர் டூரர் விலையைக் கொடுக்கமாட்டார். சலூன் விலையில் கூரைக்கும் பதிவுச் சிக்கலுக்கும் ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுவார்.